உடன்பிறப்பினங்கள்: நோய் பரப்பும் கொசுக்களின் வகைப்பாடு – ஒரு நோக்கு

முன்னுரை

உயிர்களை இனம் பிரித்துக் காண்பது மனித அறிவின் தொடக்கப் பணிகளுள் ஒன்றாகும். எது உணவு, எது நஞ்சு, எது துணை, எது பகை என்று பிரித்தறிந்த பின்னரே மனிதன் அச்சமின்றி வாழத் தொடங்கினான். தமிழ் இலக்கணத்திலும் இம்முயற்சிக்கு இடமுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். டெங்குக் காய்ச்சலால் பல நாள் வராதிருந்து, உடல் மெலிந்து மீண்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, கொசு எத்தனை அறிவுடைய உயிர்?” என வினவினார். வகுப்பு சிரித்தது. ஆயின் அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. இலக்கண நூலின் ஓர் இயலுக்கு வழங்கும் ‘மரபியல்’ என்னும் அதே பெயர், இன்று மரபணுக்களை ஆராயும் அறிவியல் துறைக்கும் வழங்குகிறது. அம்மாணவரின் வினாவிற்கு முழுமையாக விடை கூற வேண்டுமாயின் இவ்விரு மரபியலையும் தொட்டாக வேண்டும். அம்முயற்சியே இக்கட்டுரை. சொல்லாராய்ச்சி பயின்றவன் உயிரியல் துறையினர் கண்டவற்றைக் கேட்டும் கற்றும் தொகுத்துரைப்பதாக இதனைக் கொள்க.

தமிழ் மரபில் உயிர்வகை

தொல்காப்பியர் புலனறிவை அடிப்படையாகக் கொண்டு உயிர்களை ஆறு வகைப்படுத்துகிறார். புல்லும் மரமும் தொடுஉணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். நத்தை முதலியன ஈரறிவுயிர். கறையானும் எறும்பும் மூவறிவுயிர். நண்டும் தும்பியும் நான்கறிவுயிர். விலங்குகள் ஐந்தறிவுயிர். மனம் உடைய மக்கள் ஆறறிவுயிர். ஒவ்வொரு வகையிலும் ஓரிரண்டை எடுத்துக்காட்டி, அவற்றின் கிளையாகிய பிறவும் உள்ளன எனக் கூறிச் செல்கிறார். ‘கிளை’ என்னும் சொல்லாட்சி ஈண்டு கருதத்தக்கது. உயிர்களிடையே உறவுமுறை உண்டு என்னும் உணர்வு அச்சொல்லில் பொதிந்துள்ளது.

தும்பியின் கிளையாகக் கொசுவைக் கொண்டால் அது நான்கறிவுயிர் ஆகும். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் ஆகிய நான்கும் அதற்கு உண்டு. கேட்டல் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் 1855ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன் என்னும் மருத்துவர், கொசுவின் உணர்கொம்பின் அடியில் செவிப்புலனுக்குரிய உறுப்பு அமைந்திருப்பதை விளக்கினார். பெண்கொசுவின் சிறகொலியைக் கேட்டே ஆண்கொசு அதனை நாடிச் செல்கிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. எனவே கொசுவுக்கு ஐந்து புலன்களும் உண்டு. இதனால் தொல்காப்பியரின் பெருமை குறையாது. கண்ணுக்குத் தெரிந்த சான்றுகளைக் கொண்டு அவர் வகுத்தார்; புதிய சான்று கிடைக்கும்பொழுது வகைப்பாடு திருந்துகிறது. அறிவியலின் வகைப்பாடுகளும் இவ்வாறே திருந்தி வந்துள்ளன.

பெயரறியாமல் பட்ட பாடு

இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ், மலேரியாவைக் கொசு பரப்புகிறதா எனக் காண 1895 முதல் செகந்தராபாத்தில் முயன்றார். கொசுக்களின் இனப்பெயர்களை அறிய அவரிடம் தக்க நூல் இல்லை. எனவே சாம்பல் கொசு, வரிக்கொசு, புள்ளிச்சிறகுக் கொசு என்று தாமே பெயரிட்டுக்கொண்டார். நோயாளிகளின் குருதியைக் குடித்த சாம்பல் கொசுக்களையும் வரிக்கொசுக்களையும் எண்ணற்ற முறை அறுத்துப் பார்த்தார். ஒட்டுண்ணி வளர்ந்ததற்கான அடையாளம் எதுவும் கிட்டவில்லை. இறுதியில் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், புள்ளிச்சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் முதலில் அறுத்துப் பார்த்தவை இன்று கியூலெக்ஸ், ஏடிஸ் எனப்படும் பேரினங்களைச் சார்ந்தவை. புள்ளிச்சிறகுடையது அனாபிலிஸ். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் மட்டுமே. இவ்வேறுபாடு முன்னரே தெளிவாக இருந்திருப்பின் ஈராண்டு உழைப்பின் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். வகைப்பாடு என்பது பெயர்ப்பட்டியல் தொகுக்கும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

இன்று உலகில் 3,500க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் அனாபிலிஸ் இனங்கள் 450க்கும் மேற்பட்டவை. சுவரில் அமரும்பொழுது உடலின் பின்புறத்தை உயர்த்திச் சாய்ந்து அமர்வது அனாபிலிஸ். சுவரோடு இணையாகப் படிந்து அமர்வது கியூலெக்ஸ். அனாபிலிஸ் தன் முட்டைகளை நீரின் மேல் தனித்தனியே இடும். அம்முட்டையின் இருபுறமும் மிதவைகள் உண்டு. கியூலெக்ஸ் முட்டைகளைத் தெப்பம்போல் ஒட்டி மிதக்கவிடும். ஏடிஸ், பாத்திரங்களின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். பேரினங்களைப் பிரித்தறிய இவ்வடையாளங்கள் பெரிதும் உதவுகின்றன. சிக்கல் அதற்கடுத்த படியில் எழுந்தது.

முட்டை காட்டிய உண்மை

ஐரோப்பாவில் ஒரு புதிர் நிலவியது. அனாபிலிஸ் மாக்குலிபென்னிஸ் என்னும் கொசு பல நாடுகளில் மிகுதியாக இருந்தது. சில பகுதிகளில் மலேரியா மக்களை வாட்டியது. வேறு சில பகுதிகளில் அதே கொசு நிறைந்திருந்தும் மலேரியா இல்லை. கொசு ஒன்றேயாயின் விளைவு இருவகையாவது எங்ஙனம்?

இத்தாலியில் பொதுச் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற பல்லெரோனி என்பவர் 1926இல் இதற்கு வழிகாட்டினார். வளர்ந்த கொசுக்கள் ஒன்றுபோலவே தோன்றினும் அவற்றின் முட்டைகளில் உள்ள நிறக்கோலங்கள் வேறுபடுவதை அவர் கண்டார். ஒரு தாயின் முட்டைகள் யாவும் ஒரே கோலம் உடையன. அதன் வழித்தோன்றல்களும் அதே கோலத்தைக் காத்தன. 1930களின் தொடக்கத்தில் ஹாக்கெட், மிசிரோலி, மார்ட்டினி முதலியோர் இவ்வழியே ஆராய்ந்து, ஒரே இனமெனக் கருதப்பட்டது உண்மையில் பல இனங்களின் தொகுதி எனத் தெளிவுறுத்தினர். அவற்றுள் சில மனிதரைக் கடிப்பவை. சில கால்நடைகளையே நாடுபவை. கால்நடையை நாடும் இனம் வாழ்ந்த ஊர்களில் மலேரியா இல்லை. புதிர் அவிழ்ந்தது.

உருவத்தால் பிரித்தறிய இயலாது, இனப்பெருக்கத்தால் தனித்து வாழும் இத்தகைய இனங்களை உடன்பிறப்பினங்கள் என்பர். தமிழ் மாணவர்க்கு இது புதியதோர் எண்ணமன்று. சூடாமணி நிகண்டில் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்று ஒரு தொகுதி உண்டு. ‘மா’ என்னும் ஒரு சொல் மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும், பொதுவாக விலங்கையும் குறிக்கும். எழுத்தை மட்டும் நோக்கின் மூன்றும் ஒன்றே. தொடரில் வைத்து நோக்கினால்தான் பொருள் விளங்கும். உடன்பிறப்பினங்களும் வடிவால் ஒன்றாகவும் வாழ்வால் வேறாகவும் இருப்பவை.

ஏட்டுச்சுவடியும் குரோமோசோமும்

இந்திய நாட்டுப்புறங்களில் மலேரியாவைப் பெரிதும் பரப்புவது அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் கொசு. இந்திய மருத்துவப் பணியைச் சார்ந்த கைல்ஸ் 1901இல் இதற்குப் பெயரிட்டார். ‘கியூலெக்ஸ் போன்ற தோற்றமுடையது’ என்பது அப்பெயரின் பொருள். தோற்றத்தால் மயக்கும் இயல்பு பெயரிலேயே பதிந்துவிட்டது எனலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏற்படும் மலேரியாவில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு வரை இக்கொசுத் தொகுதியால் பரவுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்கொசுவிலும் உடன்பிறப்பினங்கள் உண்டு என்பது 1980இல் தெரியவந்தது. இம்முறை சான்று தந்தவை முட்டைகள் அல்ல; குரோமோசோம்கள். ஈ, கொசு முதலிய இருசிறகிப் பூச்சிகளின் சில உயிரணுக்களில் குரோமோசோம்கள் மிகப் பெரியனவாக வளர்ந்து, குறுக்குக் கோடுகளுடன் காணப்படும். அனாபிலிஸ் பெண்கொசுவின் சூலகத்து உயிரணுக்களில் இவற்றைத் தெளிவாகக் காணலாம். கோடுகளின் வரிசை ஒவ்வோர் இனத்திற்கும் உரிய முறையில் அமையும்.

ஓர் ஓலைச்சுவடியை எண்ணிப் பார்ப்போம். நூறு ஏடுகள் கொண்ட சுவடியில் நாற்பதாம் ஏடு முதல் அறுபதாம் ஏடு வரை உள்ள பகுதியை எவரோ உருவி, திருப்பிக் கோத்துவிட்டார். இப்பொழுது முப்பத்தொன்பதை அடுத்து அறுபதும், பிறகு ஐம்பத்தொன்பதும் வரும். ஏடு எதுவும் குறையவில்லை. வரிசை மட்டும் தலைகீழாயிற்று. குரோமோசோமிலும் ஒரு பகுதி இவ்வாறு தலைகீழாகத் திரும்பி அமைவதுண்டு. சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்போர், ஒரே பிழை உள்ள படிகள் ஒரு மூலத்திலிருந்து வந்தவை என முடிவு செய்வது போல, ஒரே திருப்பம் உள்ள கொசுக்களை ஒரு கிளையினவாக ஆய்வாளர் கொள்வர்.

எனினும் திருப்பம் இருப்பதால் மட்டுமே அது வேறினம் ஆகிவிடாது. பாடபேதம் உடையது வேறு நூலாகிவிடாததுபோல் என்க. இங்குத்தான் ஆய்வாளரின் தருக்கம் வெளிப்படுகிறது. ஒரே ஊரில் இருவகைக் கொசுக்களும் வாழ்கின்றன என்போம். அவை தம்முள் கலந்திருப்பின், தந்தைவழி ஒரு வரிசையும் தாய்வழி மற்றொரு வரிசையும் பெற்ற கலப்புக் கொசுக்கள் தோன்றியிருக்க வேண்டும். அத்தகைய கொசுவில் இரு குரோமோசோம்களும் நேராக இணைய இயலாமல் வளையமிட்டு நிற்கும். பல கொசுக்களை ஆராய்ந்தும் அவ்வளையம் காணப்படவில்லையெனின், அவ்விரு வகையும் ஒரே ஊரில், ஒரே தொழுவத்தில் வாழ்ந்தும் தம்முள் மணம் கொள்ளவில்லை என்பது பெறப்படும். எனவே அவை இருவேறு இனங்கள்.

இம்முறையில் முதலில் ஏ, பி என்னும் இரண்டு இனங்கள் அறியப்பட்டன. சரளா சுப்பாராவும் அவர்தம் குழுவினரும் 1983இல் சி இனத்தை அறிவித்தனர். பின்னர் டி இனம் சேர்ந்தது. இவற்றுள் ஏ, சி, டி ஆகியவை மலேரியாவைப் பரப்புவன. பி இனமோ பெரும்பாலும் கால்நடைகளின் குருதியையே நாடுவது. மலேரியா பரப்புவதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. பூச்சிக்கொல்லிகளைத் தாங்கும் ஆற்றலும் இனத்திற்கு இனம் வேறுபடுகிறது.

இராமேசுவரத்துப் புதிர்

இவ்வளவில் அமைந்திருந்த முடிவுக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே மறுப்பு எழுந்தது. இராமேசுவரம் தீவில் மலேரியா நிலைகொண்டிருந்தது. சவுக்குத் தோப்புகளில் நீர் பாய்ச்சத் தோண்டிய குழிகளிலும் கிணறுகளிலும் கியூலிசிபேசிஸ் பெருகியது. அக்கொசுக்களின் பெருங்குரோமோசோம்களை ஆராய்ந்தபொழுது அவை பி இனம் எனத் தெரிந்தது. குற்றமற்றது எனப் பிற இடங்களில் அறியப்பட்ட இனம் இத்தீவில் மட்டும் நோய் பரப்புவது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. மீனவர் குடிசைகளில் குளிர்க்காய்ச்சலில் நடுங்கிய பிள்ளைகளுக்கு இவ்வினா ஏட்டு வினா அன்று.

ஆய்வாளர்கள் வேறொரு சான்றை நாடினர். ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமை ஆராய முற்பட்டனர். பெண்கொசுவே கடிப்பது, பெண்கொசுவிலோ ஒய் குரோமோசோம் இல்லை. எனவே தீவில் பிடித்த பெண்கொசுக்களைத் தனித்தனியே முட்டையிடச் செய்து, அவற்றின் ஆண்மக்களின் ஒய் குரோமோசோமைக் கண்டனர். அது இருவகைப்பட்டிருந்தது. பிறகு, உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணியைச் சுமந்திருந்த தாய்க்கொசுக்கள் எவை எனப் பார்த்தனர். ஒட்டுண்ணியைச் சுமந்த தாய்களுக்கும் ஆண்மக்களின் ஒருவகை ஒய் குரோமோசோமுக்கும் தொடர்பிருப்பது புலனாயிற்று. மக்களை நோக்கித் தாயின் இனத்தைத் துணிந்த இம்முறை வியந்து போற்றத்தக்கது.

பி இனம் என ஒன்றாகக் கருதப்பட்டதனுள் இரண்டு இனங்கள் மறைந்திருந்தன. மனிதரை நாடி மலேரியாவைப் பரப்பும் புதிய இனத்திற்கு ‘ஈ’ எனப் பெயரிட்டு 1999இல் வெளியிட்டனர். ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தாகிய அது, தமிழில் ஒரு பூச்சியின் பெயராகவும் அமைந்துவிட்டது. ஒருசொற் பல்பொருளுக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஈழத்து நுளம்பு

கொசுவை ஈழத்தமிழர் நுளம்பு என்பர். பாக் நீரிணைக்கு அப்பாலும் இதே புதிர் நிலவியது. இலங்கையில் 1934–35இல் மூண்ட மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டி.டி.டி. தெளிப்பினால் 1963இல் நோயாளர் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. விழிப்புத் தளர்ந்தமையால் அப்பத்தாண்டின் இறுதிக்குள் மீண்டும் பெருகியது. அங்கும் நோய் பரப்பியது கியூலிசிபேசிஸே. ஆயினும் குரோமோசோம் சோதனையில் பி இனமே கிடைத்தது. இராமேசுவர முடிவு வெளியான மறு ஆண்டே, 2000இல், சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் ஒய் குரோமோசோமைக் கொண்டு அந்நாட்டிலும் பி, ஈ ஆகிய இரண்டும் உள்ளன எனக் காட்டினர். கடலால் பிரிந்த இரு கரைகளின் புதிருக்கும் விடை ஒன்றாக இருந்தது.

2012க்குப் பின் இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இது சென்னை போன்ற நகரங்களின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வாழ்ந்து நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது. இதிலும் மூவகை உண்டு. முட்டையின் மிதவையில் உள்ள வரம்புகளை எண்ணி அவற்றைப் பிரிப்பர்: 14 முதல் 22 வரை இருப்பின் மூலவகை, 12 முதல் 17 வரை இருப்பின் இடைவகை, 9 முதல் 15 வரை இருப்பின் மைசூர் வகை. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒரு முட்டையைக் கண்டு முடிவு கூறலாகாது. பல முட்டைகளை எண்ணியே துணிதல் வேண்டும். இந்திய நகரங்களில் நோய் பரப்புவதில் முதன்மையானது மூலவகையாகும். 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் ஸ்டீபென்சி காணப்பட்டது முதல் அக்கண்டத்தின் நகரங்களும் கவலைக்குள்ளாகியுள்ளன.

நம் வட்டாரம்

விக்கிரமங்கலத்தில் என் சிறுவயதில், காக்கியுடை அணிந்த சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் வந்து, “காய்ச்சல் யாருக்கேனும் உண்டா?” எனக் கேட்டு, விரல்நுனியில் ஊசியால் குத்திக் குருதித்துளியைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துச் செல்வார். கதவுப்பக்கச் சுவரில் நாளும் கையொப்பமும் இடுவார். குத்துக்கு அஞ்சி நான் நெற்குதிரின் பின் ஒளிந்துகொள்வேன். ‘முறைக்காய்ச்சல்’ கண்டு தம் தங்கையை இழந்த என் அத்தா, என்னை இழுத்து வந்து அவர் முன் நிறுத்துவார். அத்தாவின் பிடி ஏன் அத்தனை இறுக்கமாக இருந்தது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

1976இல் இந்தியாவில் 64 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. இன்று தமிழ்நாட்டில் மலேரியா மிகவும் அருகிவிட்டது. 2030க்குள் நாடு முழுவதும் ஒழிப்பதே இலக்கு. ஆயினும் நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கொசுவிற்கு இடமில்லாமல் இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்குகிறது. கொள்ளிடத்தில் நீர் வற்றும் காலத்தில் மணலிடைக் குட்டைகள் எஞ்சுகின்றன. தெளிந்த நீர்த்தேக்கங்கள் அனாபிலிஸுக்கு உகந்தவை. நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் விஷ்ணுயி தொகுதியோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் வட்டாரத்திலும் இந்நோய்க் கொசுக்கள் பல ஆண்டுகள் ஆராயப்பட்டன. இத்தொகுதியின் இனங்களும் ஒன்றுபோல் தோன்றி ஆய்வாளரை மயக்குவனவே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நம் வீட்டுக் குடத்திலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளர்கிறது.

இந்நாளில் குரோமோசோம் காணும் கடின முறையோடு மரபணு வரிசையைப் படிக்கும் முறையும் வந்துள்ளது. கொசுவின் ஒரு கால் இருப்பினும் இனம் அறியலாம். அம்முறையில் நோக்கியபொழுது கியூலிசிபேசிஸின் ஐந்து இனங்களுள் ஏயும் டியும் ஒரு பிரிவாகவும், பி, சி, ஈ ஆகிய மூன்றும் மற்றொரு பிரிவாகவும் அணுக்கம் கொண்டமை தெரிந்தது. நோய் பரப்பாத பியும் நோய் பரப்பும் ஈயும் ஒரு கிளையிற் பிறந்தவை. கிளை ஒன்றாயினும் செயல் வேறு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தோற்றத்தால் ஒன்றாக இருப்பவற்றை ஒன்றெனவே கொள்வது பெரும்பிழைக்கு இடந்தரும். தீங்கற்றதைக் குறிவைத்து மருந்தையும் உழைப்பையும் வீணாக்குவதும் நேரும். தீங்குடையதைத் தீங்கற்றதெனக் கருதி விட்டுவிடுவதும் நேரும். இராமேசுவரத்தில் பின்னது நேர இருந்தது. தம் முந்தைய முடிவே முடிந்த முடிபு என ஆய்வாளர் இருந்திருப்பின் அங்குப் பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் காரணம் புலப்பட்டிராது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் சான்றை நூற்சான்றினும் மேலாக மதித்ததே அவர்தம் சிறப்பு.

ஒரு சொல்லைப் பல சுவடிகளில் தேடி ஒப்புநோக்கும் பொறுமை தமிழ் மாணவர்க்குப் பயிற்சியால் வருவது. அப்பொறுமை உயிரியல் ஆய்வுக்கும் வேண்டப்படுவதே. நம் கல்லூரியின் விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மழைக்காலத்தில் இணைந்து, தத்தம் ஊரில் நீர் தேங்கும் இடங்களையும், அங்கு வளரும் கூத்தாடிப் புழுக்களையும், அவற்றிற்கு மக்கள் வழங்கும் பெயர்களையும் குறித்து வருவாராயின் அஃது இரு துறைக்கும் பயன் தரும். ஊர்ப் பெரியோர் அதற்குத் துணைநிற்க வேண்டும்.

அன்று வினவிய மாணவருக்கு, “நான்கறிவு என்று மரபியலைக் கொண்டு கூறலாம், ஐந்தறிவு என்று ஆய்வைக் கொண்டு கூறலாம்” என விடையிறுத்தேன். அவர் சற்று நேரம் எண்ணியிருந்து, “என்னைக் கடித்தது எந்தக் கிளை, ஐயா?” என்றார். அவ்வினாவைக் கேட்கப் பயில்வதே வகைப்பாட்டியலின் முதற்பாடமாகும்.